கோமதிக்குப் போன பதில்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும், பார்ட்னர்களோடு எப்படிப் பேச வேண்டும் என்று நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதிக் கொடுத்தால் நீங்கள் படிக்கப்போவதில்லை. வேலையில் இருந்தபோது நானும் அப்படிப்பட்ட தாள்களைப் படித்ததில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன். உண்மையில் ஒரே ஒரு விஷயத்தை எழுதத்தான் ஒப்புக்கொண்டேன். அதற்கு வந்து சேரக் கொஞ்சம் சுற்றுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது என்ன வேலை என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். நான் என் நாத்தனாருக்கு இருபது தடவை விளக்கினேன். கடைசியில் அவள் ஒரு கல்யாண வீட்டில் "அண்ணி ஆன்லைன்ல தரகு பாக்குறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி சரிதான். நம்முடையது மலைக்கோட்டை அடியில் இருக்கும் தையல் சாமான் கடை. ஊசி, நூல், லைனிங், கத்திரி, மெஷின் எல்லாம் இணையத்திலும் விற்கிறோம். யூட்யூபில் தையல் சொல்லிக்கொடுப்பவர்கள் நம் சாமானின் லிங்க்கைத் தங்கள் வீடியோவுக்குக் கீழே போடுகிறார்கள். அதன் வழியாக யாராவது வாங்கினால் அவர்களுக்குக் கமிஷன். ஊர் அவர்களை அஃபிலியேட் என்கிறது, நாம் பார்ட்னர் என்கிறோம். அவர்களுக்கும் கடைக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் ஆள் புரோகிராம் மேனேஜர். பதினான்கு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தேன். அதற்கு முன்னால் இதே கடையில் கீழ்த்தளத்தில் பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

பில் போடும் இடத்தில் ஒரு சௌகரியம் உண்டு. எதிரில் நிற்பவரின் முகம் தெரியும். பேசப் பிடிக்குமா, சீக்கிரம் போக வேண்டுமா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். மாடிக்கு ஏறியதும் முகம் போய்விட்டது. யாரிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. ஆகவே எனக்கு எது வசதியோ அதைச் செய்தேன். சாதாரண விஷயத்துக்கு மெயில், அவசரத்துக்கு போன்.

இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவள். பெயர் போட்டால் சண்டைக்கு வருவாள், எனவே விட்டுவிடுகிறேன். நான் மாடிக்குப் போன புதிதில் மெஷின்களைப் பற்றி எழுதும் பார்ட்னர் ஒருவர் இருந்தார். சேரும்போதே படிவத்தில் 'மெயில் மட்டும்' என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு நாள் அவருடைய பக்கத்தில் லிங்க் வேலை செய்யவில்லை. பகல் பதினோரு மணிக்கு மூன்று முறை போன் செய்தேன். நாலாவது முறை எடுத்து, "ராங் நம்பருங்க" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு நமக்காக அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. அவருக்கு ஒரு அலுவலகத்தில் வேலை என்பதும், இப்படி ஒரு வலைப்பக்கம் நடத்துவது அங்கே யாருக்கும் தெரியாது என்பதும், நான் கூப்பிட்டபோது மேலதிகாரி முன்னால் நின்றுகொண்டிருந்தார் என்பதும் ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தது. அன்றைக்கு நான் அந்தச் சின்னவளிடம், "நல்லதுக்குத்தானே கூப்பிட்டேன்" என்று முணுமுணுத்தேன்.

"அவரு எழுதிக் கொடுத்திருக்காருக்கா. நீங்க படிக்கல. அவ்வளவுதான்" என்றாள்.

சொன்னதோடு விடாமல் பார்ட்னர் பட்டியலில் ஒரு கட்டத்தைச் சேர்த்தாள். யாரோடு எப்படிப் பேச வேண்டும், எப்போது பேச வேண்டும், எப்போது கூடவே கூடாது. இன்றைக்கும் உங்கள் திரையில் அந்தக் கட்டம் இருக்கிறது. அதை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்து நிரப்பாதீர்கள்.

கோமதிக்கு நேரே அந்தக் கட்டத்தில் 'வாய்ஸ் நோட். இரண்டு மணிக்கு மேல். கால் வேண்டாம்' என்று இருந்தது.

ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சந்தில் வாடகை வீடு. பிளவுஸ் தைக்கச் சொல்லிக்கொடுக்கும் சேனல் நடத்தினாள். வீடியோவில் முகம் காட்டமாட்டாள், கைகள் மட்டும்தான் வரும். வலது மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு ஒன்று. கூடத்தில் எப்போதும் மாமியார் இருப்பார். போன் அடித்தால் யார், என்ன, எதுக்கு என்று மூன்று கேள்வி வரும். அதனால் காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போகும்போதுதான் பேசுவாள். "அக்கா, துணி எடுக்க வந்தேன். நாலு நிமிஷம் இருக்கு" என்றுதான் ஒவ்வொரு பதிவும் தொடங்கும்.

ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. எழுத்தில் இருந்தால் கண்ணை ஓட்டிவிடலாம். குரலை அப்படி ஓட்ட முடியாது, உட்கார்ந்து கேட்க வேண்டும். "முக்கியமானதை மெயில்ல போடுங்க மேடம்" என்று இரண்டு முறை எழுதினேன். "எழுத வராது மேடம், வாயிலதான் வரும்" என்று குரலிலேயே பதில் வந்தது.

பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. ஒரு முறை மாமியார் வீட்டில் இல்லாத நேரம், "இந்த ஊசி ரொம்பக் கோவக்கார ஊசியா இருக்கே, கேளுங்க" என்று சிரித்துக்கொண்டே போனை மெஷின் பக்கத்தில் வைத்தாள். நாலு தையல் ஓடியதும் டக்கென்று ஒடியும் சத்தம். வேறு ஊசி மாட்டினாள், மறுபடியும் டக். அந்தப் பதிவை அப்படியே முதலாளியின் மேஜையில் வைத்துப் போட்டுக் காட்டினேன். அரியமங்கலம் குடோனில் அனுப்புவதற்காக அடுக்கி வைத்திருந்த ஊசிப் பெட்டிகள் அத்தனையும் அன்று மாலையே திரும்பிப் போயின. 'ஊசியின் தரம் குறைவு' என்று அவள் மெயில் போட்டிருந்தால் நான் ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்திருப்பேன்.

இடதுகைக்காரப் பெண்கள் இரண்டு பேர் கேட்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லி, நம் கடையில் இடதுகைக் கத்திரியை வரவழைத்தவளும் அவள்தான். எப்போது 'மேடம்' போய் 'அக்கா' ஆனேன் என்று எனக்கு நினைவில்லை. இரண்டு மணி ஆனால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்ப்பேன். எனக்குக் கூடப்பிறந்த தங்கை கிடையாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் அவள் வீடு வந்துவிடும், ஆனாலும் ஆறு வருஷமாக நான் போகவில்லை. எங்கே ஓடிவிடப்போகிறாள் என்ற எண்ணம்தான்.

பிறகு ஒரு ஆடி மாதத்தோடு அவள் பேச்சு நின்றது. புது வீடியோ இல்லை, வாய்ஸ் நோட்டும் இல்லை. ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். பண்டிகை வேலை தலைக்கு மேல் இருந்தது, கேட்கவில்லை.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது முதலாளி மாடிக்கு ஏறி வந்தார். "தூங்குற பார்ட்னரையெல்லாம் எழுப்புங்கம்மா" என்றார். நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு செய்தி எழுதினேன். 'ரொம்ப நாளாச்சு நாம பேசி. உங்கள நினைச்சுக்கிட்டேன். எப்படி இருக்கீங்க?' அவ்வளவுதான். லிங்க் இல்லை, விலை இல்லை. வியாபாரம் பேசினால் பதில் போடமாட்டார்கள், பாசமாகக் கேட்டால் போடுவார்கள் என்பது என் கணக்கு. பிராட்காஸ்ட் பட்டியலில் போட்டு நூற்றைம்பது பேருக்கு ஒரே தட்டலில் அனுப்பினேன். உங்களுக்குத் தெரியும், அதில் போகும் செய்தி ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதியது போலவே போய் நிற்கும். நம் நம்பரைப் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். அதாவது, நம்மை வேண்டியவர் என்று நினைக்கிறவர்களுக்கு.

பதில்கள் வந்து கொட்டின. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் பதில் போயிருக்க வேண்டும் என்பது விதி. முதலாளி எண்ணிப் பார்ப்பார். அந்த நேரம் பார்த்துத் தீபாவளித் தள்ளுபடியில் ஒரு விலை தவறாக ஏறிவிட்டது. ஒரு காதில் குடோன், ஒரு காதில் முதலாளி. அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்களே, எனக்கு அன்று பானை எது, அண்டா எது என்றே தெரியவில்லை. எழுத்தில் வந்தவற்றை மட்டும் படித்தேன். நடுவில் கோமதியின் பெயர். வாய்ஸ் நோட், ஏழு நிமிஷம்.

பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். வேண்டாத ஆள் என்பதால் நான் அதைத் தள்ளி வைக்கவில்லை. இந்தக் களேபரத்தில் கேட்டால் வீணாகிவிடும், பண்டிகை முடியட்டும், ஆற அமர உட்கார்ந்து கேட்போம் என்று, பலகாரத்தைக் கடைசியில் தின்ன எடுத்து வைப்பது போல வைத்தேன். ஆனால் விதிப்படி பதில் போக வேண்டுமே. மற்றவர்களுக்கு அனுப்பிய அதே தயார் பதிலைத் தட்டினேன். 'மிக்க மகிழ்ச்சி! உங்கள் ஆதரவுக்கு நன்றி. தீபாவளி சிறப்பு லிங்க் கீழே.' பக்கத்தில் கைகூப்பும் பொம்மை ஒன்று.

தீபாவளி முடிந்த அடுத்த வாரம், வீட்டில் காபியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து அதைத் திறந்தேன்.

"அக்கா, நீங்க கேட்டதும் அழுகையே வந்துடுச்சு. மூணு மாசமா என்னை யாருமே எப்படி இருக்கேன்னு கேக்கல. அவரு திருப்பூர்ல பாக்குற கம்பெனியிலேயே எனக்கும் சாம்பிள் டெய்லர் வேலை இருக்காம். எல்லாரும் அங்கயே வந்துடுங்கன்னு சொல்றாரு. அவரு சொல்றது தப்பில்லக்கா. மாசாமாசம் சம்பளம் வரும். அந்த வீடியோவை நம்பி எத்தனை நாள் உட்காந்திருப்பேன்னு கேக்குறாரு, எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அங்க வீடு சின்னது. மெஷினை வித்துட்டுத்தான் போகணும். எனக்குப் போகப் பிடிக்கலக்கா. ஆனா பிடிக்கலைன்னு மட்டும் சொல்லிட்டு இருக்க முடியாதுல்ல. உங்களுக்குத்தான் உள்ள நடக்குறது தெரியும். இந்தச் சேனல் நின்னு நடக்குமா, இல்ல நான் ஆசையில உட்காந்திருக்கேனா? நடக்காதுன்னா தைரியமா சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன். நடக்கும்னா அதை அவருகிட்ட காட்டுவேன். ஞாயித்துக்கிழமை வர்றாரு. அதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். மீதி நேரமெல்லாம் அவள் தயங்கியது, மூக்கை உறிஞ்சியது, தவறாக நினைக்காதீங்க என்று மூன்று முறை சொன்னது.

காபி ஆறிப்போனது. கம்ப்யூட்டரைத் திறந்து, விற்பனைக் கணக்கு காட்டும் அவளுடைய பக்கத்தைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தை அவள் ஒரு நாளும் திறந்ததில்லை. எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும், நான் சொல்வதுதான் அவளுக்குத் தகவல். சாமான் திரும்பி வரலாம் என்பதால் கமிஷனும் மூன்று மாதம் கழித்துத்தான் கைக்குப் போகும். ஆகவே வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது தெரிந்தாலும், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. அவள் பேசாமல் இருந்த அந்த மாதங்களில் அவளுடைய பழைய வீடியோ ஒன்று எப்படியோ ஊரெல்லாம் பரவியிருந்தது. பண்டிகைக்கு பிளவுஸ் தைத்த பெண்கள் அவள் லிங்க் வழியாக வந்தபடியே இருந்தார்கள். நம்மிடம் இருந்த எந்தப் பார்ட்னருக்கும் அப்படி வந்ததில்லை. நின்று நடக்குமா என்று கேட்டாளே, அது ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளிக் கூட்டத்தில் மொத்தத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட நான், அது யாரால் வந்தது என்று பிரித்துப் பார்க்கவில்லை.

கட்டத்தில் 'கால் வேண்டாம்' என்று இருந்தது. அன்று அதை மீறினேன். தெரிந்தே மீறினேன். முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் வரிசையாக மெஷின்கள் ஓடும் இரைச்சல்.

"சொல்லுங்க மேடம்" என்றாள்.

"கோமதி, எங்க இருக்கீங்க?"

"திருப்பூர் வந்துட்டோம் மேடம். வந்து மூணு நாளாச்சு. வேலைக்கும் சேந்துட்டேன்."

"உங்க பதிவை இப்பத்தான் கேட்டேன் கோமதி. அன்னிக்கு நான் கேக்கவே இல்ல. கேக்காமலே பதில் போட்டுட்டேன்."

இரைச்சலை விட்டுத் தள்ளி வந்து பேசினாள்.

"நீங்க பதிலே போடலைன்னா காத்திருந்திருப்பேன் மேடம். அவருகிட்ட இன்னும் ஒரு வாரம் டயம் கேட்டிருப்பேன். பதில்தான் வந்துடுச்சே. படிச்சேன். மேடம் வாயால நடக்காதுன்னு சொல்ல மனசில்லாம இப்படி அனுப்பியிருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

"இல்லம்மா..."

"பரவால்ல மேடம். நீங்களும் எத்தனை பேரைத்தான் பாப்பீங்க."

"மெஷின்?"

"குடுத்தாச்சு. வீடியோவையெல்லாம் சேனல்ல இருந்து எடுத்துட்டேன். கீழ பிள்ளைங்க சந்தேகம் கேட்டுக்கிட்டே இருக்காங்க. பதில் சொல்ல முடியாம அப்படியே விட்டு வைக்கக் கூடாதுல்ல."

இதை அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவளுக்குக் குத்திக்காட்டத் தெரியாது. நான் அவள் பக்கத்தில் பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று தெரிந்தும் ஆரம்பித்தேன். "கோமதி, உங்க வீடியோ..." என்பதற்குள் தடுத்துவிட்டாள்.

"வேண்டாம் மேடம், சொல்லாதீங்க. நடக்காதுன்னு நினைச்சுத்தான் இங்க நிம்மதியா உட்காந்திருக்கேன். நீங்க வேற ஏதாவது சொல்லிட்டா என்னால இந்த வேலையைப் பாக்க முடியாது."

சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். வைத்துவிட்டாள்.

இனி உங்களுக்குச் சொல்ல வந்தது. எல்லோருக்கும் போகும் செய்தியில் விலை எழுதுங்கள், தேதி எழுதுங்கள், லிங்க் போடுங்கள். 'உங்களை நினைத்துக்கொண்டேன்' என்று எழுதாதீர்கள். அதை நம்பி ஒருத்தி மாடிக்கு ஏறிப் பதில் சொல்வாள். கேட்டுவிட்டால் கடைசி வரை கேளுங்கள். நேரமில்லை என்றால் நேரமில்லை என்று எழுதுங்கள், திங்கட்கிழமை கேட்கிறேன் என்று எழுதுங்கள். ஒன்றும் எழுதாமல் இருந்தாலும் அவர்கள் காத்திருப்பார்கள். கேட்காமல் போடும் பதில்தான் ஆளை அனுப்பிவிடும். முதலாளி எண்ணினால் எண்ணிக்கொள்ளட்டும், ஒருவருக்குப் பதில் பாக்கி என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு அந்தத் தைரியம் அன்றைக்கு இல்லை.

இப்போதும் ஸ்ரீரங்கம் போனால் கடைத்தெருவில் பெண்களின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். அவள் திருப்பூரில் இருக்கிறாள் என்று தெரிந்தும் பார்க்கிறேன். முகம் தெரியாத ஒருத்தியை இப்படித் தேடுவது கிறுக்குத்தனம் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். ஆறு வருஷம் காவிரிக்கு அடுத்த கரையில் இருந்தவளைப் போய்ப் பார்க்காத எனக்கு இது வேண்டும். பகல் இரண்டு மணி ஆனால் அந்தக் குரலுக்கு மனசு ஏங்குகிறது. ஓய்வு பெற்றால் சரியாகிவிடும் என்று நினைத்தேன், பகலில் வேலை இல்லாததால் இன்னும் மோசமாகத்தான் இருக்கிறது.

ஒன்று பாக்கி இருக்கிறது. அவள் சொல்லாதீங்க என்றாள், நானும் வாயால் சொல்லவில்லை. ஆனால் மூன்று மாதம் கழித்துத் தை பிறந்ததும் அந்தக் கமிஷனை அனுப்பியாக வேண்டியிருந்தது. அது அவளுடைய உழைப்பு, நிறுத்தி வைக்க எனக்கு உரிமை இல்லை. அனுப்பினால் அவள் என்னிடம் கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லிவிடும். பணம் அனுப்பும் பட்டனை அழுத்துவது என் வேலை. அன்று காலை அழுத்தினேன்.

இரண்டு மணிக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. குரல் இல்லை, எழுத வராது என்றவள் எழுதியிருந்தாள்.

'பாத்தேன்க்கா.'